முப்பத்தெட்டாம் நம்பர் குலைகள்

விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்ததும் இனா மார்த்தா எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கால்தான் கூட்டிக்கொண்டு போனது. புருஷனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை என்பதும், இன்று தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதும் களத்தில் போய் நின்ற பிறகுதான் புத்திக்கு எட்டியது.

பெரட்டுக் களத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். அவரவர் பெண்டாட்டி அவரவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். இப்படித்தான் நிற்க வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை. வேலை வாங்கும் மேஸ்திரியான மண்டோர், முன்னால் நிற்பவனின் நம்பரைக் கூப்பிடுவான். அவன் 'இருக்கேன்' என்பான். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு பேரும் அடக்கம். ரொக்கான் ஆற்றங்கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இவ்வளவு குலை வெட்ட வேண்டும், கீழே உதிர்ந்த பழத்தை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும் என்று கம்பெனி கோட்டா போட்டிருந்தது. அதை ஒரு ஆளால் முடிக்க முடியாது. அது கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் கல்யாணமான ஆளுக்கு மட்டும் வீடு, கல்யாணமாகாதவனுக்குக் கொட்டகை.

இன்று அவளுக்கு முன்னால் முதுகு இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் இடம். அந்த இடத்தின் வழியாக மண்டோர் சித்துங்கிரின் முகம் நேராகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் பெரட்டில் அவன் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்ததில்லை. மீசை பாதிக்கு மேல் நரைத்துப் போயிருந்தது.

"முப்பத்தேழு!"

"இருக்கேன்."

"முப்பத்தொம்பது!"

ஆட்கள் கலைந்த பிறகு மண்டோர் அவளிடம் வந்தான்.

"யாருக்குப் பின்னால நிக்கிற இனா மார்த்தா?"

"என் வரிசையில நிக்கிறேன் மண்டோர்."

"உன் வரிசைன்னு ஒண்ணு ஏது? அது முப்பத்தெட்டோட வரிசை. தலிசாரோ வரிசை." தொண்டை பெரிய ஆள்; கஷ்டப்பட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். "நல்ல மனுஷன். நானும் வந்து மண்ணு போட்டேன். ஆனா மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடணும். புது ஆள் வர்றான், பொண்டாட்டியோட."

"மக மார்த்தா இடுப்புல இருந்த காலத்துலேர்ந்து இங்க வேலை செய்யறேன்."

"செஞ்ச. யாரு இல்லேன்னது? ஆனா நீ வேலைக்காரி இல்ல. ஆபீஸ்ல போய்க் கேளு, அப்படி ஒரு ஆளே கிடையாதும்பான்."

"அப்போ நான் என்ன?"

மண்டோர் யோசித்தான். இது யோசிக்க வேண்டிய கேள்வியாக அதுவரை அவனுக்குப் பட்டதில்லை.

"நீ தலிசாரோ பொண்டாட்டி" என்றான். பிறகு பக்கத்தில் வந்து, "அவன் தம்பி யோசபாத் இருக்கான்ல, தனிக்கட்டை, கொட்டகையில கெடக்கான். நீ அவனுக்குப் பின்னால போய் நின்னுட்டா வீடு அவன் பேருக்கு மாறிடும். நீ சட்டி பானைகூட நகர்த்த வேண்டாம்" என்றான்.

இனா மார்த்தா என்றால் மார்த்தாவின் அம்மா. நியாஸ் தீவுக்காரர்களுக்குள் பிள்ளை பிறந்துவிட்டால் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. ஆண்களுக்கும் அதே வழக்கம்தான். ஆனால் ஆண்களுக்குக் கம்பெனிச் சீட்டில் சொந்தப் பெயர் இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவையாவது கணக்கெழுதும் கிராணி அதை உரக்கப் படிப்பான். மார்த்தாவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு வெட்டுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளும் அங்கே இந்நேரம் ஒரு முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

அன்று பொழுது சாய யோசபாத் வந்தான். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பயல். ஆற்றில் இழுத்துப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

"அப்பா போன் பண்ணாரு அண்ணி."

"என்னவாம்?"

"உங்களுக்கே தெரியுமே."

"நீ சொல்லு."

"பன்னியும் பொன்னும் குடுத்துக் கொண்டாந்த பொண்ணு வெளிய போகக் கூடாதாம். அண்ணன் இல்லேன்னா தம்பி." சொல்லிவிட்டுக் குச்சியை வீசி எறிந்தான். "நான் சொல்லல அண்ணி. அவரு சொன்னாரு."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்னத்தத் தோணும்? கோட்டாவ ஏத்திட்டானுங்க. தனியா முடியல."

ஒரு பெண்ணை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் யாரும் கேட்டிருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. சிரிப்புகூட வந்தது. கருவாட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் ஒத்தாசைக்கு வர்றேன். மத்தது அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அவன் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. இரண்டே அறை, பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் இனா தேசி கரண்டியால் சட்டியைத் தட்டுவது கேட்டது. அவள் புருஷன் இருமுவது கேட்டது. இந்த வீட்டிலும் அப்படி ஓர் இருமல் இருந்தது. கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட இருமல். அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

யோசபாத்துக்கும் மண்டோருக்கும் தெரிந்தும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தலிசாரோ செத்தது காய்ச்சலில். ஆனால் அவன் வெட்டுவதை நிறுத்தி இரண்டு வருஷமாயிற்று. உயரத்திலிருந்து ஒரு மட்டை நேராக வலது தோளில் விழுந்தது. அதற்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேலே எழவில்லை. ஆபீஸில் சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடு போகும். அதனால் ரோட்டிலிருந்து தெரியாத உள் வரிசைகளில் அவள் கம்பை எடுத்தாள். நீளக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாள். அண்ணாந்து பார்த்து மட்டையை இழுத்து அறுத்து, அப்புறம் குலைக் காம்பை இழுத்து அறுக்க வேண்டும். குலை 'தொம்'மென்று விழும்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். முதல் மாசம் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கமாகவே படுத்துக் கிடந்தாள். தலிசாரோ பின்னால் குனிந்து குனிந்து ஒரு கையால் உதிரிப் பழம் பொறுக்கினான். எங்காவது ஆபீஸ் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இருவரும் ஓடி வந்து இடம் மாற்றிக்கொள்வார்கள். அவன் கம்பைப் பிடித்து அண்ணாந்து நிற்பான், அவள் கோணியை எடுத்துக் குனிந்துகொள்வாள். வண்டி போனதும் மறுபடி மாற்றிக்கொள்வார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, வண்டி போன பிறகும் அவன் கம்பை விடாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் மெதுவாக அவன் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

பக்கத்து வரிசைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவரவர் வரிசையிலும் வேறு யாரும் பார்க்கக் கூடாதது ஏதாவது இருக்கும்.

யோசபாத்தின் வரிசையில் முதல் நாள் அவன் பத்து மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அவள் கம்பை எடுத்தாள். அவன் வாய் பிளந்து பார்த்தான்.

"அண்ணி, இது உங்களுக்கு..."

"நீ வண்டியத் தள்ளு."

மத்தியானம் வரைக்கும் வெட்டினாள். கூட ஒருவன் இருந்தும் தனியாக வெட்டுவது போலிருந்தது. தலிசாரோவோடு ஓடி இடம் மாற்றிக்கொண்ட அந்தப் பயம் இல்லை. பயத்தைப் பங்கு போட ஆள் இல்லை. வெட்டிய குலையின் காம்பில், தவளை வாய் போல் பிளந்து ஈரமாக இருக்கும் இடத்தில், வெட்டினவனின் நம்பரை மெழுகுப் பென்சிலால் எழுத வேண்டும். குலை மேடையில் கிராணி அதைப் பார்த்துத்தான் யாருக்கு எவ்வளவு என்று போடுவான். பென்சில் அவள் காதில் இருந்தது. எழுதினாள். அடுத்த மரத்துக்குப் போனாள். அடுத்த குலை. எழுதினாள்.

மறுநாள் பெரட்டில் கிராணி முந்தின நாள் வெட்டைப் படித்தான். ஆண்கள் அரைத் தூக்கத்தில் நின்றார்கள். யோசபாத்தின் நம்பர் வந்ததும் கிராணி தயங்கினான்.

"நாப்பத்தேழு, பாதிகூட முடிக்கல." கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டான். "முப்பத்தெட்டு, முடிச்சாச்சு."

அரைத் தூக்கம் கலைந்து தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் வரிசைக் கோடியிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்.

"செத்தும் கோட்டா முடிக்கிறான்யா!"

"மோட்சத்துலேர்ந்து கம்பு நீட்டறான் போல!"

"அங்கயும் மண்டோர் விடல!"

சிரிப்பு வெடித்தது. தலிசாரோ உயிரோடு இருந்தபோது அவனுக்காக இவ்வளவு பேர் சிரித்ததில்லை. முதுகுகளுக்குப் பின்னால் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி 'கர்த்தரே' என்று முணுமுணுத்தாள்.

"யாருடா எழுதினது?" மண்டோர் கத்தினான்.

"நான்தான் மண்டோர்" என்றாள் இனா மார்த்தா. "கைப் பழக்கம்."

அத்தோடு முடிந்திருக்கும். மண்டோருக்கு முடித்துவிடத்தான் ஆசை. "பாவம், பழக்கதோஷம். கிராணி, எல்லாத்தையும் நாப்பத்தேழுல போட்டுடு" என்றான். ஆனால் அன்று எஸ்டேட் உதவி மேனேஜர் சின்னதுரை வந்திருந்தார். மேடான் நகரத்தில் படித்துவிட்டு வந்த இளைஞர்; வெயிலில் காது சிவந்து போயிருக்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"வெட்டினவன்தானே நம்பர் எழுதணும்? பென்சில் இந்தம்மா கைக்கு எப்படி வந்தது?"

யோசபாத் திரும்பிப் பார்த்தான். 'நான் எழுதச் சொன்னேன்னு சொல்லுங்க அண்ணி' என்று அவன் கண் கெஞ்சியது. ஒரு வார்த்தைதான், சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் குலைகள் எல்லாம் நாற்பத்தேழுக்குப் போகும். மாசக் கடைசியில் அவளும் நாற்பத்தேழுக்குப் போவாள். சொல்லாவிட்டால்? ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர் தன் பேருக்கு விழுந்தால் வீடு நிற்கும். எவனுக்குப் பின்னாலும் போய் நிற்க வேண்டாம். இப்படி ஒரு யோசனை அவளுக்கு அந்த நிமிஷம் வரை வந்ததில்லை. வந்த பிறகு வாய் நிற்கவில்லை.

"நான்தான் வெட்டினேன் ஐயா. நேத்து மட்டும் இல்ல. ரெண்டு வருஷமா முப்பத்தெட்டு நான்தான். என் புருஷனுக்குக் கை எழும்பல. அந்த நம்பர எனக்கே குடுத்துடுங்க."

சின்னதுரை இறங்கினார். கோபப்படவில்லை, அவருக்கு ஏதோ சங்கடம்.

"பொம்பளை கம்பு எடுக்கக் கூடாதும்மா. ஆபத்தான வேலை. மட்டை விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"என் புருஷன் மேல விழுந்துச்சு. யாரும் பதில் சொல்லல."

முன்வரிசையில் யாரோ ஒருவன் 'க்கும்' என்று கனைத்தான்.

"யாரு பாத்தா நீ வெட்டினத?"

"இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். கேளுங்க. இனா தேசி, சொல்லு. நீ பாத்தியே."

சின்னதுரையின் பார்வை முதன்முறையாக முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போனது. வரிசை முழுக்க, ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும், தலைத்துணியும் கோணியுமாக ஒரு பெண்.

"இவங்கல்லாம் யாரு மண்டோர்?"

மண்டோருக்கு வியர்த்தது. "அவங்க... சோறு கொண்டாந்தவங்க ஐயா."

"விடியறதுக்குள்ளயா? கோணியிலயா?"

சின்னதுரை இனா தேசியைப் பார்த்து, "சொல்லும்மா, நீ பாத்தியா?" என்றார்.

இனா தேசி தரையைப் பார்த்தாள். பிரசவத்தில் இனா மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினவள். ஒரே உப்புச் சாடியில் இரண்டு வீட்டுச் சமையலும் நடந்த காலம் உண்டு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் சோறு கொண்டாந்தேன்" என்றாள்.

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. சீட்டில் பெயர் இல்லாதவர் யாரும் செம்பனைக் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நம்பர் எதுவும் வரவில்லை. முப்பத்தெட்டின் குலைகளை நாற்பத்தேழில் போட்டார்கள். வீட்டைக் காலி பண்ணும் கெடு மாசக் கடைசியாகவே இருந்தது.

மறுநாள் பெரட்டில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். கோட்டா குறையவில்லை. அன்று பொழுது சாய ஒருத்தன்கூட முடிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பலகைச் சுவர் வழியாக இனா மார்த்தாவுக்கு எல்லாம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம், பிள்ளை அழும் சத்தம், அப்புறம் அந்த இன்னொரு சத்தம். காலையில் இனா தேசி குழாயடிக்கு வந்தபோது கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"இனா தேசி..."

"பேசாத."

"நான் உனக்குக் கெடுதி நெனைக்கல."

"உனக்கு என்னடி, உன் புருஷன் செத்துட்டான்." இனா தேசி வாளியை 'டங்'கென்று வைத்தாள். "எனக்கு உசுரோட இருக்கான். உனக்கு நம்பர் கேட்ட. நான் கேட்டனா? எனக்கு வேணும்னு நான் சொன்னனா?"

"உனக்கும்தான்..."

"எனக்கு என் புருஷன் கோட்டா முடிச்சா போதும்!"

வாளி நிரம்பாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் குழாயடியில் இனா மார்த்தா வந்தால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. திட்டினாலாவது பரவாயில்லை. யாரும் திட்டவில்லை.

சில நாளில் எல்லாம் சரியாகிவிட்டது, ஒரு மாதிரியாக. கம்பெனிக்கும் குலை வேண்டும். மண்டோர் கண்ணை மூடிக்கொண்டான். பெண்கள் பெரட்டுக்கு வராமல், வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகால் வழியாக முழங்கால் சேற்றில் இறங்கிக் காட்டுக்குள் போனார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டைக் குவியலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். முன்பு முதுகுக்குப் பின்னால் நிற்கவாவது ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தன்னால்தான் போயிற்று என்று நினைத்தபடி இனா மார்த்தா வாசற்படியில் உட்கார்ந்து அவர்கள் வரிசையாகச் சேற்றில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறி மகளுக்கு போன் போட்டாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"சாப்டியா மார்த்தா?"

"சாப்டேன்மா. நீ?"

"வேலைக்குப் போறியா?"

"வேலையெல்லாம் இல்ல. அவருக்கு ஒத்தாசைக்குப் போறேன்."

"அதத்தான் கேட்டேன்."

"அம்மா, நீ தனியா ஏன் கெடக்குற? இங்க வந்துடேன்."

இத்தனை நாளில் யாரும் அவளை வா என்று சொல்லவில்லை. பதில் சொல்வதற்குள் அங்கே போனைக் கையால் பொத்துவது கேட்டது. ஓர் ஆண் குரல் தூரத்தில் ஏதோ கேட்டது. மகள் திரும்பி வந்தாள். குரல் சின்னதாகி இருந்தது.

"அம்மா... அவரு கேக்கறாரு. நீ வந்தா உதிரி பொறுக்க வருவியான்னு."

காற்று பலமாக அடித்தது. கீழே செம்பனைத் தலைகள் ஒரே மாதிரி அசைந்தன, ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி.

"சிக்னல் சரியில்ல மார்த்தா" என்றாள். "ஒண்ணும் கேக்கல." வைத்துவிட்டாள்.

மாசக் கடைசிக்கு முன் யோசபாத் ஒரு தடவை வந்தான். இந்தத் தடவை கருவாடு இல்லை. ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

"அண்ணி, நீங்க வெட்டுங்க. நான் பொறுக்கறேன். உள் வரிசையில யாருக்குத் தெரியப் போவுது? ஊருக்கு நான் உங்க புருஷன். உள்ள நீங்க உங்க இஷ்டப்படி இருங்க. நான் தொடக்கூட மாட்டேன், சத்தியமா."

நல்ல பையன்தான். அவள் வளர்த்த பையன். அவன் தலையைக் கோதிவிடக் கை எழுந்தது. இப்போது அது வேறு அர்த்தமாகிவிடும் என்று இறக்கிக்கொண்டாள்.

"வண்டிச் சத்தம் கேட்டா?"

"கேட்டா... மாத்திக்கலாம். அண்ணனோட செஞ்ச மாதிரி."

"நம்பர்?"

அவன் தலையைச் சொறிந்தான். "நம்பர் என்னோடதுதானே அண்ணி இருக்க முடியும்?"

"அண்ணனோட ஓடி ஓடி எடம் மாத்தினது போதும் தம்பி" என்றாள். "உங்கப்பாகிட்ட சொல்லிடு. பன்னி செத்துப் போச்சுன்னு."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். போகும்போது வாசலில் திரும்பி, "வெளிய போனா உங்களுக்கு யாரு இருக்கா அண்ணி?" என்றான். எங்கே போகப் போகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

வழி சொன்னவள் களைக்கு மருந்தடிக்கிற கும்பலைச் சேர்ந்த சுமியாத்தி. ஜாவாக்காரி; லயத்துப் பெண்களின் கோபதாபத்தில் பங்கில்லாதவள். முதுகில் டப்பாவைச் சுமந்துகொண்டு போகிற போக்கில், "கால்வாய்க்கு அந்தப் பக்கம் பாக் வாகிமின் தோட்டம் இருக்கே, கெழவனுக்கு வெட்ட ஆளே நிக்க மாட்டேங்குது. கஞ்சப் பிசினாரி. ஆனா யாரு எவருன்னு கேக்க மாட்டான்" என்றாள். மருந்து நாற்றம் அவள் போன பிறகும் நின்றது.

இரண்டு மூட்டைதான் இருந்தது. சட்டி பானைகளில் பாதியை வீட்டிலேயே விட்டாள், வருகிறவளுக்கு ஆகட்டும் என்று. உப்புச் சாடியை மட்டும் இனா தேசியின் வாசலில் வைத்தாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. தட்டவில்லை. தலிசாரோவின் கம்பை இரண்டாகக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினாள். கம்பு கம்பெனியுடையது அல்ல, அவன் வாங்கியது. நுனி அரிவாளும் அப்படித்தான்; கம்பெனி கொடுத்ததாக இருந்தால் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள்.

பாக் வாகிமின் அவளையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். 

"வெட்டுவியா?"

"வெட்டுவேன்."

"எனக்கு யாரு வெட்டினா என்ன. குலை லாரி ஏறணும். பம்பு செட்டுக் கொட்டகை காலியாத்தான் கெடக்கு, படுத்துக்க. ஒழுகும்."

ஒழுகத்தான் செய்தது. விடிவதற்கு முன் கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து பெரட்டு மணி கேட்டது. அவள் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அப்புறம்தான் போக வேண்டியது அங்கே இல்லை என்று நினைவு வந்தது. விறகு மூட்டித் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பலகைச் சுவருக்கு அப்பால் யாராவது கரண்டியால் தட்டுவார்கள் என்று காது காத்திருந்தது.

மரங்கள் இங்கே கிழடு. கம்பைக் கடைசி வரை நீட்ட வேண்டியிருந்தது. ஓட வேண்டியதில்லை, ஒளிய வேண்டியதில்லை. கிழவர் தம் மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை கடந்து போனார். சத்தம் கேட்டதும் அவள் உடம்பு தானாகத் திரும்பிக் கோணியைத் தேடியது. கோணி கைக்கெட்டும் இடத்தில் இல்லை. கம்பை வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. கம்போடு அப்படியே நின்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

முதல் குலையின் காம்பு வெள்ளையாக, ஈரமாக இருந்தது. காதிலிருந்த பென்சிலைக் கை எடுத்தது. இங்கே நம்பர் எழுத வேண்டியதில்லை, கேட்கவும் ஆள் இல்லை. இருந்தாலும் எழுதினாள், முப்பத்தெட்டு என்று. யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் அது யாருடைய நம்பரும் இல்லை. அடுத்த குலையில் எழுதவில்லை.

மத்தியானம் கிழவர் வந்து குலைகளைப் பார்த்தார். முகத்தில் திருப்தி. அப்புறம் தரையைப் பார்த்தார். வரிசை நெடுகச் சிவப்புச் சிவப்பாக உதிரிப் பழம் சிதறிக் கிடந்தது.

"வெட்டு நல்லாத்தான் இருக்கு. உதிரி?"

"பொறுக்கறேன்."

"ஒத்த ஆளு ரெண்டும் செய்ய முடியாதும்மா. கூட ஒரு ஆளக் கூட்டிக்க. புருஷன் இல்லயா?"

"இங்க நான்தான் புருஷன்" என்றாள் அவள். "பொண்டாட்டிதான் இல்ல."

கிழவருக்குச் சிரிப்பு வந்தது. பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே போனார். பாலத்தில் ஏறும் வரை சிரிப்பது கேட்டது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுற்றிலும் அமைதி வந்து இறங்கியது.

கம்பை ஒரு மரத்தில் சாய்த்தாள். கோணியை உதறி எடுத்துக்கொண்டு, வரிசையின் முதல் மரத்துக்குத் திரும்ப நடந்து, குனிந்தாள்.